உன் பை வீட்டுக்கு வந்துவிட்டது

அன்புள்ள மகளுக்கு,

உன் செம்மஞ்சள் பை இங்கே பத்திரமாக இருக்கிறது. இனித் தேடவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. அந்த நம்பருக்கு இப்போது விளம்பரக்காரரையும் உன் பெரியமாமியையும் விட்டால் யார் எடுக்கிறார்கள்? அம்மா மாமிதான் என்று நினைத்து "ஓம் மச்சாள்" என்றா. மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரர். இந்த நம்பர் எழுதிய பை ஒன்று அல்கோன்குயின் காட்டுக்குள் கிடைத்தது என்று அவர் தொடங்கியதும் அம்மா போனை என் கையில் தந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. முதல்நாள் இரவு நீ வாட்ஸ்அப்பில் இதயம் போட்டது அவவுக்கு ஞாபகம் வரப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடத்தை நீ பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

நல்ல மனிதர். பீற்றர்பரோவில் இருந்து ரொறன்ரோவுக்கு வருகிற வழியில் தானே கொண்டுவந்து தந்தார். பை பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, விழுந்த மரம் ஒன்றுக்குப் பின்னால் பாசிக்கு மேல் கிடந்ததாம். உடனே எடுத்து வரவில்லை. சொந்தக்காரர் திரும்பித் தேடி வந்தாலும் வரலாம் என்று, போர்ட்டேஜ், அதுதான் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் வள்ளத்தைத் தூக்கி நடக்கிற பாதை, முடிகிற இடத்தில் அந்த மஞ்சள் பலகைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டுப் போயிருக்கிறார். நான்காம் நாள் திரும்பி வரும்போதும் அது அங்கேயே தொங்கியதாம். அதற்குப் பிறகுதான் கழற்றி வந்தார். வள்ளக்காரருக்குள் அதுதான் முறை என்றார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அம்மா வடையும் தேத்தண்ணீரும் கொடுத்தா. போகும்போது ஒரு பை மிக்சரும்.

பையைத் திறந்தது நான்தான். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று திறந்தேன், வேறு எதற்கும் இல்லை. மழைச் சட்டை, தலையில் கட்டுகிற லைட், தண்ணீர் வடிகட்டி, முதலுதவிப் பெட்டி, பிளாஸ்ரிக் டப்பாவில் அம்மாவின் தூள் (போத்தலும் தகரமும் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்ற சட்டத்தை இப்போதாவது நினைவில் வைத்திருக்கிறாய், சந்தோஷம்), இரண்டு எனாமல் கோப்பை, இரண்டு கரண்டி, ஒரு பெரிய சாம்பல் நிற ஸ்வெற்றர். பிறகு வரைபடம்.

மே மாத நீண்ட வார இறுதியில் மொன்றியலில் பயிற்சி என்று சொன்னாய். அங்கே ஒரே மழை என்றும் சொன்னாய். வரைபடத்தில் நீ பென்சிலால் திகதி போட்டிருக்கிறாய். மழைச் சட்டையைப் பார்த்தால் மழை மட்டும் உண்மை போல இருக்கிறது.

சரி, அதை விடு. நான் அதைப் பற்றி எழுத வரவில்லை. நான் எழுத வந்தது எண்ணுவதைப் பற்றி.

அந்த மனிதர் போன பிறகு வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். ஒப்பியோங்கோ ஏரியில் இறங்கி, பொன்ஃபீல்ட் ஏரிக்குப் போய், அங்கிருந்து டிக்சன் ஏரிக்கு. இடையில் இருக்கிற போர்ட்டேஜ் 5,305 மீற்றர். முதலில் 530 என்றுதான் வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஐந்து கிலோமீற்றருக்கு மேல் வள்ளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற பாதையை யாராவது விரும்பிப் போவார்களா? எங்கள் வீட்டில் இருந்து கந்தசாமி கோயிலுக்கு அவ்வளவு தூரம் இல்லை, அதற்கே நீ சின்ன வயதில் கார் கேட்பாய்.

பிறகு கணக்குப் போட்டேன். வள்ளம் நாற்பது றாத்தல் என்று வை. சாப்பாட்டுப் பீப்பாய் ஒன்று, பெரிய முதுகுப் பை ஒன்று, இந்தப் பை, துடுப்பு, லைஃப் ஜாக்கெற். ஒரே ஆள் என்றால் ஒரே நடையில் முடியாது. பாதிச் சாமானை வைத்துவிட்டுத் திரும்பி வந்து மீதியை எடுக்கவேண்டும். அப்படியென்றால் மூன்று தரம் நடை. 15,915 மீற்றர். அதுவும் மே மாதம், கறுப்பு ஈ கடிக்கிற நேரம். பேப்பரில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பிள்ளை இதைத் தனியாகச் செய்திருக்கிறாளா? அப்போதுதான் அந்த இரண்டாவது கோப்பை என் கண்ணில் பட்டது.

அம்மா கோப்பையைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனா. நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். அப்பாடா என்று நினைத்தேன். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஆனால் எண்ணு. இந்தப் பாதையில் சாமான் எப்படித் தொலைகிறது என்று இரண்டு இரவாக வாசித்துவிட்டேன். ஒரேயடியாகக் கடைசிவரை தூக்கிப் போக முடியாது, அதனால் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து மற்றதை எடுத்து, அதைத் தாண்டிக் கொண்டுபோய் வைப்பது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தோல் வியாபாரத்துக்கு மரப்பட்டை வள்ளம் ஓட்டியவர்களும் அப்படித்தானாம், ஆளுக்கு 90 றாத்தல் மூட்டை இரண்டு. அப்படி மாறி மாறி வைக்கும்போது சின்னச் சாமான்தான் பின்னால் நிற்கும். மரத்துக்குப் பின்னால் வைத்த பையை, மற்ற ஆள் எடுத்திருப்பார் என்று நீயும், நீ எடுத்திருப்பாய் என்று மற்ற ஆளும் நினைத்திருக்கிறீர்கள். (பன்மையில் எழுதிவிட்டேன். வெட்டவில்லை, இருக்கட்டும்.) புறப்படும்போது எட்டு உருப்படி என்றால் அக்கரையிலும் எட்டு. ஒவ்வொரு போர்ட்டேஜிலும், ஏறும்போதும் இறங்கும்போதும், வாய்விட்டு எண்ணு. நான் இருபத்தாறு வருஷம் பெட்டி அடுக்குகிற வேலையில் வாய்விட்டுத்தான் எண்ணினேன், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், என் லொறியில் ஒரு பெட்டி குறைந்தது கிடையாது.

லைட் இல்லாமல் அன்று இரவு என்ன செய்தாய்? தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தாயா, அப்படியே குடித்தாயா? முதலுதவிப் பெட்டியை ஏன் தனிப் பையில் வைத்தாய்? அது உன் உடம்போடு இருக்கிற சாமான். எண்ணு, பிள்ளை.

லைஃப் ஜாக்கெற் பையில் இல்லை. அதனால் நீ போட்டிருந்தாய் என்று நினைக்கிறேன். போட்டிருந்தாய்தானே? வள்ளத்தில் இருந்தால் போதும் என்றுதான் சட்டம், போட்டிருக்க வேண்டும் என்று இல்லை, தெரியும். மே மாதத் தண்ணீர் பனிக்கட்டி கரைந்த தண்ணீர். மனிற்றோபாவில் கோர்டன் கீஸ்பிரெக்ற் என்ற பேராசிரியர் சொல்லிக்கொடுக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது, 1-10-1. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். அந்தப் பத்து நிமிடம் முடிந்த பிறகு நீச்சல் தெரிந்து என்ன, தெரியாமல் என்ன, ஜாக்கெற்தான் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருக்கும். கனூ ஏரியில் செத்துப்போன ஓவியர் ரொம் தொம்சனின் கதையைச் சொல்லிச் சின்ன வயதில் நீதானே அம்மாவை வெருட்டுவாய். அவர் அந்த ஏரியில் பழகாத ஆளா? 1917 ஜூலையில் வள்ளம் முதலில் கண்ணில் பட்டது, எட்டு நாள் கழித்துத்தான் ஆள்.

போட்டுக்கொள். போட்டுக்கொண்டு எண்ணு.

உன்னைக் குறை சொல்வதற்கு மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அந்த வெள்ளைக்காரர் கேட்டார், உங்கள் மகளா இந்தப் பாதையில் போனது என்று. ஓம் என்றேன். தான் நாற்பது வருஷமாகப் போவதாகவும், அந்தப் போர்ட்டேஜைத் தன் கூட்டாளிகள் பாதிப்பேர் ஒருதரமும் நடந்ததில்லை என்றும் சொன்னார். அவர் போன பிறகும் அம்மாவிடம் அதை இரண்டு தரம் சொன்னேன். பிறகு, பையில் எங்கள் வீட்டு நம்பரை எழுதியிருக்கிறாய். உன் நம்பர் இல்லை, எங்கள் நம்பர். இந்தப் போனை வெட்டுங்கோ, வீண்காசு என்று எத்தனை தரம் சொன்னாய். வெட்டியிருந்தால்?

தொலைந்த சாமானைப் பற்றி வாசித்ததில் ஒன்று எனக்குப் பிடித்தது. மினசோட்டாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் நடுவில் கிரானைற் ஆறு என்று ஒன்று. அதில் ஒரு வேகநீர் இடத்தில் 1960-ல் சுழியோடிகள் இறங்கிப் பார்த்தபோது, அடியில் பதினேழு பித்தளைக் கிடாரம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினபடி கிடந்ததாம். அந்தத் தோல் வியாபாரிகளின் வள்ளம் எப்போதோ கவிழ்ந்ததில் போனது. அம்மம்மா அண்டாவுக்குள் குண்டான் அடுக்கிவைப்பாவே, அப்படி. இத்தனை காலம் தண்ணீர் இழுத்தும் அடுக்குக் குலையவில்லை.

இனி நான் எழுதப் போவதை அம்மாவுக்கும் சொன்னதில்லை.

2002 ஓகஸ்ட், கனூ ஏரியில் இருந்து ஜோ ஏரிக்குப் போகிற சின்னப் போர்ட்டேஜ், அணைக்குப் பக்கத்தால் போகிறது, 295 மீற்றர். நாங்கள் மூன்று பேரும் போன ஒரே ஒரு பயணம். பாதையோரக் கல்லில் ஒரு கமரா கண்டெடுத்தோமே, மஞ்சள் ரப்பர் உறைக்குள். பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை ரேப்பில் பெயரும் போன் நம்பரும். அலுவலகத்தில் கொடுப்போம் அப்பா என்று நீ சொன்னாய். இல்லை, நானே கூப்பிட்டுக் கொடுக்கிறேன் என்றேன். உனக்கு முன்னால் பெரிய மனிதனாக இருக்க ஆசை. வீட்டுக்கு வந்த பிறகு நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், கூப்பிட்டீர்களா, கூப்பிட்டீர்களா என்று. கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை என்றேன்.

எடுத்தார்கள். ஒரு பெண் எடுத்து ஹலோ என்றா. மூன்று நாளாக நான் என்ன இங்கிலீசில் சொல்லவேண்டும் என்று பேப்பரில் எழுதி வைத்துப் பழகியிருந்தேன். அவ ஹலோ என்றதும் பேப்பரில் இருந்த எழுத்தெல்லாம் ஓடிப்போய்விட்டது. இரண்டாம் தரமும் ஹலோ என்றா. வைத்துவிட்டேன். நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு மாதம் போயிற்று. பிறகு, இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டால் அதற்கு என்ன இங்கிலீசு சொல்வது? நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். பதினொரு வயதில் உனக்கு விளங்கியிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் எனக்குச் சந்தேகம்.

கமரா பேஸ்மென்றில் என் வேலைச் சாமான் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. பிலிம் இன்னும் உள்ளேதான். மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் 19 என்று நிற்கிறது. யாரோ ஒரு குடும்பத்தின் பத்தொன்பது படம். முந்தாநாள் இரவு அம்மா படுத்த பிறகு அந்த நம்பருக்கு எடுத்தேன். பாவனையில் இல்லை என்று மெஷின் சொன்னது. இந்தத் தரம் பேப்பர் எழுதி வைக்கவில்லை.

இப்படிப் பழைய பிலிமைக் கழுவுகிற இடம் உனக்குத் தெரிந்திருக்கும். படம் வந்தால், உங்கள் வள்ளக்காரரிடம் காட்டி முகத்தை அடையாளம் கேட்டுப் பார்க்கலாமா? ரேப்பில் உள்ள பெயர் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொண்டு போ. அல்லது நான் ஒட்டாவாவுக்கு பஸ்ஸில் கொண்டுவருகிறேன்.

மற்றச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியமாமியின் கண் ஒப்பரேசன் சரியாகிவிட்டது. தக்காளி இந்த வருஷம் அணில்களுக்கு.

அன்புடன்,
அப்பா

பி.கு. சாம்பல் ஸ்வெற்றர் உன் அளவு இல்லை. அம்மா அதைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறா. இடது கை நுனியில் தையல் விட்டிருந்தது, அதையும் தைத்துவிட்டா. சாம்பல் நூல் வீட்டில் இல்லை என்று கடைக்கு என்னை அனுப்பினா.