ஏழாம் பெட் அம்மாவைப் பற்றி, என் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

முந்தாநாள் போனில் பேசும்போது, "ஏழாம் பெட் அம்மா ரொம்பப் படுத்துறாங்க சித்தி. ராத்திரி முழுக்கத் தூங்குறதில்ல, மத்தவங்களையும் தூங்க விடுறதில்ல, என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுறாங்க" என்றாய். மார்பகப் புற்றுநோய், மூன்றாவது கீமோ முடிந்து இரண்டு நாள் ஆகிறது என்றாய். அதற்குள் மதுரை பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். சர்ஜரி வார்டில் நைட் டூட்டி. நம் பக்கத்து ஆச்சி ஒருவர், தைராய்டில் புற்றுநோய் என்று சுரப்பி முழுவதையும் எடுத்த மறுநாள் இரவு. காய்ச்சல் பார்க்கப் போனபோது, "ஆத்தா, வாயைச் சுத்திச் சிட்டெறும்பு ஊர்ற மாதிரி இருக்குத்தா" என்றார். ஆச்சி வெற்றிலை போட்டுப் பழகிய வாய். அந்த ஏக்கம்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வெந்நீர் கொடுத்து, "தூங்குங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்து எழுதவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து பி.பி. பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றினேன். ஆச்சியின் மணிக்கட்டு தானாக மடங்கியது. விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கட்டைவிரல் உள்ளே மடிந்தது. சுருக்குப்பைக்குள் காசு தேடப் போகிற கை எப்படிக் குவியும், அப்படி. அவரால் அதைப் பிரிக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேனே ஆத்தா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இத்தனை வருஷம் எனக்கு வலித்திருக்காது.

உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். தைராய்டுக்குப் பின்பக்கம் அரிசி மணி அளவில் பாராதைராய்டு சுரப்பிகள், பெரும்பாலும் நாலு. ரத்தத்தில் கால்சியத்தைச் சரியான அளவில் நிறுத்திவைப்பவை அவைதான். ஆபரேஷனில் அவற்றுக்குப் போகிற ரத்த ஓட்டம் குறைந்தாலோ, அவையும் சேர்ந்து வெளியே வந்துவிட்டாலோ, முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கால்சியம் இறங்கும். முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊரும். அப்புறம் தசை இழுக்கும். அதையும் விட்டால் குரல்வளை இறுகும், வலிப்பு வரும். அந்த எறும்புதான் நமக்குக் கிடைக்கிற முதல் தகவல். அதற்குத்தான் நான் வெந்நீர் கொடுத்தேன்.

டாக்டர் ஓடி வந்தார். கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, 10 நிமிஷத்துக்கு மெதுவாக. வேகமாகப் போனால் இதயத் துடிப்பு தடுமாறும், ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே வெந்துபோகும். மானிட்டரையும் ஊசி போட்ட இடத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல்கள் ஒவ்வொன்றாக என் கைக்குள்ளேயே தளர்ந்தன. அன்றிலிருந்து நோயாளி சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதும் பழக்கம் வந்தது. "எறும்பு ஊர்கிறது என்கிறார்" என்று எழுது. அதை நீயாக மொழிபெயர்த்து "அசௌகரியம்" என்று எழுதிவிடாதே.

ஹார்மோன் கெட்டால் அது வலியாக வந்து நிற்பதைவிடக் குணமாக வந்து நிற்பதுதான் அதிகம். சோம்பல், சிடுசிடுப்பு, காரணமில்லாத அழுகை. வீட்டில் இருப்பவர்கள் "அவ குணமே அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். நாமும் அதையே சொன்னால், அந்த உடம்புக்காகப் பேச ஒருவரும் இல்லாமல் போகும்.

அதே ஆச்சி ஆறேழு மாசம் கழித்து ஓ.பி.க்கு வந்தார். முகம் ஊதி, குரல் கரகரத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கூட வந்த மருமகள், "எதைச் சொன்னாலும் அசையிறதில்ல சிஸ்டர்" என்று குறைப்பட்டார். தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோனான டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தது, தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். எடுத்த சுரப்பிக்குப் பதிலாகப் போடுகிற தைராக்ஸின் ஹார்மோன் மாத்திரையின் அளவைக் கூட்டலாம் என்று டாக்டர் எழுதப் போகும்போது, மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "காப்பியோடதான் ஆத்தா. அந்தக் கால்சியம் மாத்திரையையும் சேத்து ஒரே வாயில போட்டுருவேன்" என்றார்.

தைராக்ஸினை வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் போட வேண்டும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. கால்சியத்துக்கும் தைராக்ஸினுக்கும் நாலு மணி நேர இடைவெளி. இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. சீட்டில் இதையெல்லாம் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் விடிவதற்கு முன்னே டிகாக்‌ஷன் இறங்கிவிடுகிற வீட்டில், ஆச்சியிடம் காப்பியைத் தள்ளிப் போடு என்பது லேசான காரியமா? அவரோடு உட்கார்ந்து ஒரு நாளைப் பேசிப் பார்த்தேன். நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும் என்றார். சரி, தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரையும் வையுங்கள், கண் விழித்ததும் போட்டுவிடுங்கள், கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு என்று முடிவானது. டாக்டரும் அளவைக் கூட்டாமல் இரண்டு மாசம் பார்க்கலாம் என்றார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். இறங்கியிருந்தது. ஆச்சி முன்னால் நடந்துவர, மருமகள் பின்னால் வந்தார். தைராய்டு புற்றுநோயில் இந்த மாத்திரை வெறும் தெம்புக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். டி.எஸ்.ஹெச். ஏறினால், மிச்சம் மீதி இருக்கிற புற்றுநோய்ச் செல்லையும் அது தட்டி எழுப்பும்.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. மிச்சமிருக்கிற தைராய்டு செல்லை அழிக்க, கதிர்வீச்சு உள்ள ரேடியோ அயோடின் கொடுத்து அனுப்பியபோது சில நாள் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் தள்ளி இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அதைத் தீட்டாகவே ஆக்கிவிட்டார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஓர் அறை, வாசல்படியில் தட்டை வைத்துவிட்டு ஓட்டம். அயோடின் 131-இன் வீரியம் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும், அதற்கும் முன்னால் பெரும்பங்கு சிறுநீரில் போய்விடும். இது ஒட்டுகிற நோய் இல்லை, தூரமும் நேரமும்தான் கணக்கு. முற்றத்தைச் சுற்றிய வளவில் இந்தப் பக்கம் ஆச்சியும் அந்தப் பக்கம் பேரனும் உட்கார்ந்து பேசியிருக்கலாமே! யாராவது அதைச் சொல்லி அனுப்பியிருந்தால் போதும்.

மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரை டமாக்ஸிபென் சாப்பிடுகிற பெண்களிடம் தனியாகப் பேசு. மகனையோ வீட்டுக்காரரையோ மாத்திரை வாங்க அனுப்பிவிட்டுக் கேள். அஞ்சு வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் போடுகிற மாத்திரை அது. "உடம்பு குப்புன்னு எரியுது" என்பதைக் காரைக்குடி வெயில் என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் நம் பெண்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருப்பார்கள். ரத்தம் படுவதும் கால் வீக்கமும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியவை. ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் ஊருக்கு அனுப்பும்போது ஒருமுறைக்கு இரண்டு முறை சொல்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பக்கத்தில் இருந்து பார்த்த அந்த வேதனையை அவர் விடவே இல்லை. 1954-இல் அவர் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. நைட் டூட்டியில் கால் ஓய்ந்துபோகும்போது நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது உன் ஏழாம் பெட் அம்மா. கீமோவோடு வாந்தியும் அலர்ஜியும் வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் அடுத்த இரண்டு மூன்று நாளும் மாத்திரையாகத் தொடரும். அது தூக்கத்தைக் கெடுக்கும், மனசைப் படபடக்க வைக்கும், சுகரை ஏற்றும். அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான் அதிகம் ஏறும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகவே காட்டும். சார்ட்டைப் பார். இரவு எட்டு மணிக்கு மாத்திரை விழுகிறதா? காலைக்கோ மத்தியானத்துக்கோ மாற்றலாமா என்று டாக்டரைக் கேள். சாயங்காலம் ஒருமுறை சுகர் பார்க்கலாமா என்றும் கேள். ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போகிறார், தண்ணீர் அதிகம் குடிக்கிறாரா என்று பார். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி என்ன செய்கிறது என்று கேள். இதெல்லாம் இல்லாமல் வெறும் பயமாகவும் இருக்கலாம். அதையும் அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
சித்தி
காரைக்குடி