பிள்ளையின் எச்.பி. 16 என்றால் போதுமா?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. மறுபடியும் பிரசவ வார்டுக்கே மாற்றல் என்றதும் சந்தோஷப்பட்டேன். கோப்புகளோடு மாரடிப்பது உனக்கு ஒத்துவராது. சின்னவன் பத்தாம் வகுப்பு தேறியதற்கு என் வாழ்த்தைச் சொல்.

இனி நீ கேட்ட விஷயம். தாய்க்கு எச்.பி. (ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) 7.8, பிள்ளைக்கு 16. "குழந்தைக்குத்தான் ரத்தம் நல்லா இருக்கே, இன்னும் எதுக்கு அந்தச் சிவப்பு மாத்திரை?" என்று இரும்பு மாத்திரையைப் பற்றி அந்தத் தாயின் மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறாய். கேள்வியில் தப்பே இல்லை. நம் வார்டுகளிலும் பலர் அந்த 16-ஐப் பார்த்ததும் சீட்டை மூடிவிடுகிறார்கள்.

கருவுக்குள் போகிற இரும்பில் முதல் பந்தி சிவப்பணுக்களுக்குத்தான். மூளை, இதயம், தசை, கல்லீரலின் சேமிப்பு எல்லாம் அடுத்த பந்தி. தட்டுப்பாடு வந்தால் முதலில் கல்லீரல் காலியாகும், பிறகு தசை, அதன்பின் இதயமும் மூளையும். ரத்தத்தில் தெரிவது கடைசியில்தான். அதனால் எச்.பி. சரியாக இருக்கும்போதே மூளைக்கு இரும்பு எட்டாமல் போயிருக்கலாம். இதைக் காட்டிக்கொடுப்பது தொப்புள்கொடி ரத்தத்தின் ஃபெரிட்டின், அதாவது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சேமிப்பு குறைவு; 35-க்கும் கீழே போனால் மூளைக்கே பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நரம்பின் மேலுறையான மயலின் உருவாகவும், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் சுரக்கவும், ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் வளரவும் இரும்பு வேண்டும். ஃபெரிட்டின் குறைந்த பிள்ளைகளுக்கு ஒலி காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் வேகம் குறைந்திருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பிறகு சொட்டு மருந்து கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். மூளை விட்டதெல்லாம் முழுசாகத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் மாமியாரை வீணாகப் பயமுறுத்தாதே. லேசான ரத்தசோகை என்றால் நஞ்சுக்கொடி எப்படியோ தாயிடமிருந்து இழுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும். எச்.பி. 7, 8 என்று மாதக்கணக்கில் கிடந்தால்தான் அதற்கும் கை எட்டாது. கூடவே சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தாலும், குறை மாதத்தில் பிறந்தாலும் பிள்ளையின் கணக்கில் இன்னும் குறையும். நிறைமாதப் பிள்ளைக்கு உடம்பில் கிலோவுக்குச் சுமார் 75 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் ஏறுவது.

மாத்திரைக் கணக்கை இப்படிச் சொல்லிப் பார். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் 1000 மில்லிகிராம் இரும்பு அதிகமாகத் தேவை. மாத்திரைக்கு 60 வீதம் 180 நாளைக்கு 10,800. பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினால்தான் கணக்கு சரியாகும். அதையும் ஒட்டவிடாமல் செய்வது டீ, காபி, கால்சியம் மாத்திரை மூன்றும். கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் வைத்துவிடு. இரும்பு மதியம், மோர்ச் சோறு முடித்த கையோடு இல்லாமல் ஒரு மணி நேரம் கழித்து, ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சேர்த்து. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கிடையாது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் பயந்துபோய் மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறார்கள். ஆட்டுச் சுவரொட்டிக்கு (மண்ணீரலுக்கு) முன்னால் அவை நிற்காது.

நாலு வாரத்தில் எச்.பி. ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையா, முதலில் பாக்கி அட்டையை எண்ணு. ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் நரம்பில் ஊசிவழி இரும்பு. முதல் மூன்று மாதத்தில் மட்டும் கூடாது. கணக்கு உனக்குத் தெரிந்ததுதான்: எடை × எச்.பி. குறைவு × 2.4, அதோடு சேமிப்புக்கு 500. ஐம்பது கிலோ, 8-லிருந்து 11 என்றால் 860 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ் என்ற ஊசி மருந்தில் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் வீதம் நார்மல் சலைனில் (உப்புநீர் டிரிப்பில்), ஒரு நாள் விட்டு ஒரு நாள். 34 வாரம் தாண்டி வருகிறவளுக்கு வெறும் மாத்திரையை எழுதி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாத்திரைக்கு அங்கே நேரமே இல்லை.

இனி வரும் பிரசவங்களில் உன் கையில் இருப்பது தொப்புள்கொடி. குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் மூன்று நிமிடம் வரை கிளாம்ப் போடாதே. பிள்ளையைத் துடைத்துத் தாயின் வயிற்றில் போட்டு உலர்ந்த துணியால் மூடு. தாயின் ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்சிடோசின் 10 யூனிட்டை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். அந்த நேரத்தில் 80 முதல் 100 மில்லி ரத்தம் பிள்ளைக்குப் போகிறது; இரும்பாகச் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம். தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை, அதிலும் பாதிதான் ஏறும். ஆறு மாதம் முழுக்கக் குடித்தாலும் இந்த அளவு சேராது. அடுத்த பிரசவம் காத்திருக்கிறது என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல். பிள்ளை மூச்சு விடாமல் ஆம்பு பை (மூச்சு கொடுக்கும் பை) தேவைப்பட்டால் மட்டும் உடனே வெட்டி எடு. மஞ்சள் காமாலை கொஞ்சம் கூடலாம், மூன்றாம் நாள் வெளிச்சத்தில் பார்த்துக்கொள். அதற்காகக் கொடியைச் சீக்கிரம் வெட்டாதே.

பிறந்த பிறகு எச்.பி. தானாகவே இறங்கி, இரண்டாம் மாதத்தில் 10 வாக்கில் வந்து நிற்கும். அது நோயில்லை. உடைந்த அணுக்களின் இரும்பு வீணாகாமல் சேமிப்புக்குப் போகும். ஆறு மாதம் வரை பிள்ளை அதை வைத்துத்தான் ஓட்டுகிறது. இந்தப் பிள்ளையின் எடை 2.3 கிலோ என்கிறாய். ஆறு மாதம் காத்திராமல் இரண்டாம் மாதத்திலேயே கிலோவுக்கு 2 மில்லிகிராம் சொட்டு மருந்து தொடங்குவது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கு. நிறை எடைப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை 1 மில்லி சிரப், அதில் 20 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குப் பிறகு சிலர் பசும்பாலை மட்டும் ஊற்றி வளர்ப்பார்கள், அதையும் கேட்டுவை. தாயின் மாத்திரைப் பாக்கெட் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்; வீட்டில் மூத்தது ஒன்று இருந்தால் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து.

தாய் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடரட்டும். ஒன்று மட்டும் உறுத்துகிறது. மாத்திரை ஒழுங்காகப் போட்டதாக அட்டை சொல்கிறது, எச்.பி. மட்டும் அசையவில்லை. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) எவ்வளவு என்று பார்த்து எழுது. குறைவாக இருந்து சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறாக இருக்கலாம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையில் எச்.பி. ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால் கணவனுக்கும் பார்த்தாக வேண்டும், அடுத்த பிள்ளைக்கு முன்னால்.

அன்புடன்,
கலா