அயனி மரம் நிற்கட்டும்

குலசேகரம்
ஆவணி 12

அன்புள்ள ராஜன்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. மழை பெய்யும்போது உன் புரையிடத்து மண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல மழை பிடித்தது. குடையை எடுத்துக்கொண்டு அருமனை பஸ் ஏறிவிட்டேன். அதனால்தான் இந்தத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. நீ சித்திரையில் பெங்களூரை விட்டு ஊரோடு வந்துவிடுகிறாய் என்று சொன்னதும், "அவனுக்கு மரச்சீனி நட்டு வையுடா" என்றாள். ஒரு வரிசை நட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேற்கே நிற்கும் அயனியை விலை பேசி வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பட்டர் ஃப்ரூட்டும் ரம்புட்டானும் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மக்கா. பாட்டா வைத்த மரம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நீ வைக்கப்போகிற மரங்களுக்காகவும்தான் சொல்கிறேன்.

உன் மண் கிழக்கே ரோட்டிலிருந்து மேற்கே ஓடைப்பக்கம் சரிகிறது. மழையில் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். ரோட்டோரத்து மேட்டில் விழுந்த தண்ணீர் சரல் மண்ணுக்குள் இறங்கிப் போயிற்று, கொஞ்ச நேரத்தில் கால் ஈரம் கூட இல்லை. அயனி நிற்கும் இடத்தில் அப்படி இல்லை. மழை விட்ட பிறகும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரு கம்பை எடுத்துக் குத்திப் பார்த்தேன், ஒரு முழம் சிரமம் இல்லாமல் இறங்கியது. வெளியே எடுத்தால் நுனியில் சேறு. அயனிக்கு அது ஒன்றும் செய்யாது. பட்டர் ஃப்ரூட்டுக்கு அது சாவு.

இதை நான் ஒரு மரத்தைக் கொன்று படித்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததில் என் விளையில் நாற்பது ரப்பர் மரம் சாய்ந்தது உனக்குத் தெரியும். நீ போன் பண்ணியபோது கரண்ட் இல்லை, இருட்டில் உட்கார்ந்துதான் பேசினேன். அந்த வெறுமையில் இனி ரப்பர் வேண்டாம், பழ மரம் வைப்போம் என்று முடிவெடுத்தேன். அடுத்த இடவப்பாதி மழையில், வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் "ஹாஸ், ஒட்டுக்கன்று" என்று ஒரு பட்டர் ஃப்ரூட் கன்றை வாங்கி, ரப்பர் விழுந்த குழியிலேயே நட்டேன். குழி ஏற்கெனவே இருக்கிறதே, வெட்டுக்கூலி மிச்சம் என்று நினைத்தேன். முதல் வருஷம் நன்றாகத்தான் துளிர்த்தது. அடுத்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு இலை சிறுத்து, வெளிறி, தொங்க ஆரம்பித்தது. வாடுகிறதே, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று தினமும் இரண்டு குடம் ஊற்றினேன். தை மாதத்தில் நுனியிலிருந்து காய்ந்து வந்தது. ஒரு நாள் பிடுங்கிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய சிறு வேர்களெல்லாம் கறுத்து, விரலால் தொட்டால் ஒடிந்தன. தண்ணீர் வேண்டி அல்ல, தண்ணீரில் மூச்சு முட்டி வாடியிருக்கிறது. அதற்கு நான் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பட்டர் ஃப்ரூட்டின் உணவு வேர் மேல்மண்ணிலேயே படர்வது. ஆழமாகப் போகாது. மண்ணில் தண்ணீர் கட்டி நின்றால் ஃபைட்டோப்தோரா என்கிற கிருமி அந்த வேரைப் பிடித்துக்கொள்ளும். உலகம் முழுக்க இந்த மரத்தைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். நம் ஊருக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மற்ற ஊர்க்காரர்கள் எப்படித் தண்ணீர் பாய்ச்சுவது என்று யோசிப்பார்கள், நாம் எப்படி வடிப்பது என்று யோசிக்க வேண்டும். அதனால் குழி வேண்டாம், மேடு போடு. உன் ரோட்டோர மேட்டிலேயே, இரண்டு அடி உயரம், ஆறு அடி அகலத்தில் மேல்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து கூட்டி, அதன் உச்சியில் நட வேண்டும். அடியில் சருகு தாராளமாகப் போடு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டிச் சருகு குவிந்தால் அங்கேயும் அழுகும். நான் 2020இல் இப்படி வைத்த மரம்தான் இப்போது காய்க்கிறது.

ஹாஸ் வாங்காதே. அது கலிபோர்னியாவில் 1935இல் காப்புரிமை பெற்ற ரகம். கடையில் கறுத்த, சொரசொரத்த தோலோடு வருவது அதுதான். குவாதமாலா, மெக்சிகோ மலைப்பக்கத்து ரத்தம், குளிர் கேட்கும். நம்முடையதைப் போன்ற தாழ்ந்த, புழுங்கும் ஊருக்கு மேற்கிந்தியத் தீவு இனம்தான் ஒத்துவரும். என்னுடையது பொல்லாக். பெரிய காய், பச்சைத் தோல், எண்ணெய்ச் சத்து கொஞ்சம் குறைவு. நம் வேளாண் பல்கலைக்கழகம் தடியன்குடிசையிலிருந்து டி.கே.டி. 1 என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது, ஆனால் அது பழனி மலையடுக்கில் தேறியது. எதுவானாலும் ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்கு. தண்டில் ஒட்டுக் கட்டிய கணு தெரிய வேண்டும், அதற்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும். என்னிடம் ஒட்டு என்று விற்ற கன்றில் கணுவே இல்லை. அன்றைக்கு எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

பூவைப் பற்றி உன்னிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், ஆனால் மனது கேட்கவில்லை. போன மார்கழியில் பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் மரத்தடியிலேயே இருந்தேன். சுண்டுவிரல் நகம் அளவு, மஞ்சளும் பச்சையும் கலந்த பூ. மதியம் இரண்டு மணிக்குத் திறந்தது. நடுவில் சூல்முடி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. சுற்றியுள்ள ஒன்பது கேசரமும் இதழோடு இதழாகச் சாய்ந்து கிடக்கின்றன, மகரந்தம் இல்லை. அந்த நேரத்தில் அது பெண். இரவு மூடிவிட்டது. நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன். மறுநாள் காலை அதே பூ மறுபடி திறந்தது. இப்போது கேசரங்கள் எழுந்து நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கதவுகள் திறந்து மஞ்சள் பொடி. அதே பூ இப்போது ஆண். வேறு சில ரகங்கள் நேர் எதிர்: காலையில் பெண்ணாகத் திறந்து, மறுநாள் மதியம் ஆணாகும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் காலையில் இதன் மகரந்தம் அதற்கு, மதியம் அதன் மகரந்தம் இதற்கு. ஒற்றை மரமும் காய்க்கும். ஆனால் பக்கத்து விளையில் இருக்கும் விதைக்கன்று மரம் காலைப் பெண் ரகம். அது பூக்கத் தொடங்கிய பிறகுதான் என் மரத்தில் எண்ணிச் சொல்லும்படி காய் பிடித்தது. இந்த வருஷம் 43 காய். ஆயிரக்கணக்கில் பூத்து 43. பூ கொட்டுகிறதே என்று பயந்து மருந்து அடிக்காதே, இந்த மரத்தின் இயல்பே அது. தேனீக்களுக்கும் மருந்து ஆகாது.

தங்கச்சி கண்ணாடி டம்ளரில் கொட்டையை முளைக்க வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். கொட்டைக்கன்று தாய்மரம் போல் காய்க்கும் என்று சொல்ல முடியாது, காய்க்க ஆறேழு வருஷத்துக்கு மேலேயும் ஆகலாம். ஆனால் அதையே அடிக்கன்றாக வைத்து என் மரத்துக் கொம்பை ஒட்டுக் கட்டித் தருகிறேன். பென்சில் தடிமன் வந்தால் போதும்.

ரம்புட்டானும் அதே கதைதான். கொட்டையில் வளர்ந்தால் பாதிக்குப் பாதி ஆண் மரமாகிவிடும். நான் ஏழு வருஷம் வளர்த்த ஒன்று கொத்துக் கொத்தாகப் பூத்தது, ஒரு காய் இல்லை. அதை வெட்டி, அடிக்கட்டையில் வந்த துளிரில் N18 என்கிற ரகத்தின் மொட்டைக் கட்டிய பிறகு இப்போது நன்றாகக் காய்க்கிறது. ஒன்று போதும் உனக்கு, வடக்கு மதிலோரம் வை. பறித்த பிறகு பழுக்காது, மரத்திலேயே சிவக்க வேண்டும், அதனால் வலை கட்டாமல் முடியாது. வௌவால் கடித்த பழத்தைக் கழுவியும் தின்னக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்ததை மறந்திருக்க மாட்டாய், பழந்தின்னி வௌவால்தான் அந்தக் கிருமியின் வீடு. டுரியன் கேட்டிருந்தாய். இருபத்திரண்டு சென்டில் அதற்கு இடம் இல்லை. குற்றால சீசனில் போய் வாங்கித் தின்போம்.

இப்போது அயனிக்கு வருகிறேன். மங்குஸ்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதன் இடம் அயனிக்கும் ஓடைக்கும் நடுவில்தான். பட்டர் ஃப்ரூட்டுக்கு ஆகாத ஈரம் மங்குஸ்தானுக்கு ஆகும். கன்றுக்கு முதல் சில வருஷம் நிழல் இல்லாவிட்டால் இலை கருகிவிடும். அந்த நிழலை நீ ஓலை வெட்டிக் கட்ட வேண்டாம், அயனி தருகிறது. இதற்கு ஒட்டு வேண்டும் என்றும் இல்லை. மங்குஸ்தான் கொட்டை மகரந்தம் சேராமலே உண்டாவது, தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. என் மரத்துக் கொட்டையையே முளைக்கப் போட்டிருக்கிறேன். ஏழு முதல் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். மரம் உயர்ந்த பிறகு அயனியின் கீழ்க்கொம்புகளை மட்டும் கவாத்து செய்து வெளிச்சம் விடு. பழம் வந்தால் அடிப்பாகத்தில் பூப்போல இருக்கும் அடையாளத்தில் இதழ்களை எண்ணிப் பார், உடைத்தால் உள்ளே அத்தனை சுளை இருக்கும். பேத்தி தினமும் எண்ணிவிட்டுத்தான் உடைக்கிறாள், ஒரு தடவையும் தப்பவில்லை.

காற்றையும் பார். ஆடியில் மேற்கிலிருந்து என்ன வீச்சு வீசுகிறது! பட்டர் ஃப்ரூட்டின் கொம்பு வலுவில்லாதது, காயோடு முறிந்து விழும். உன் விளையில் அந்தக் காற்றை முதலில் வாங்குவது அயனிதான். ஒக்கியில் உன் மேற்குப் பக்கத்து வாழையெல்லாம் படுத்தபோதும் அது நின்றது. மர வியாபாரி நல்ல விலை சொல்வார், அயனிப்பலகைக்கு என்றும் மதிப்புதான், வள்ளம் கட்டிய மரம் அல்லவா. அந்தப் பணத்தைக் கொண்டு அதே உயரத்தில் ஒரு மரத்தை உன் காலத்தில் வாங்க முடியாது.

அதன் அடியில் போன ஞாயிறு ஒரு திரி, அதுதான் அயனியின் நீண்ட ஆண் பூக்கதிர், கிடந்தது, நனைந்து ஊறிப்போய். பள்ளிக்கூடத்து லீவில் நாம் காய்ந்த திரியாகப் பொறுக்கிச் சேர்த்து வைப்போமே, பாட்டி சாயங்காலம் ஆனால் ஒன்றைக் கொளுத்தித் திண்ணையில் வைப்பாளே, கொசு வராமலிருக்க. அந்தப் புகை வாசனை எனக்கு அங்கேயே வந்துவிட்டது. அயனிச்சக்கையின் கொட்டையை வறுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு, சூடு தாங்காமல் தொடையைத் தூக்கித் தூக்கி நடந்தவன் நீதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த வியாபாரி முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. மேடு போடும் வேலையை நான் புரட்டாசியிலேயே ஆள் வைத்துச் செய்துவிடுகிறேன், ஐப்பசி மழையில் மண் நன்றாக அமரும். கார்த்திகை மழை விட்டதும் மார்கழியில் பட்டர் ஃப்ரூட்டும் ரம்புட்டானும் நடலாம். சுற்றி நாலு மட்டி வாழைக் கன்று வைத்துவிடுவோம், முதல் கோடைக்கு நிழலும் ஆச்சு, உன் பேரனுக்குக் கொடுக்கப் பழமும் ஆச்சு. இளந்தண்டு வெயிலில் வெடிக்காமல் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மங்குஸ்தான் வைகாசிக்கு இருக்கட்டும், நீயே வந்து நடு.

இந்தக் கடிதத்தோடு என் தம்பி மகனிடம் நாலு காய் கொடுத்து விடுகிறேன். பச்சையாகவே இருக்கும், நிறம் மாறாது. இந்தக் காய் மரத்தில் எத்தனை நாள் நின்றாலும் பழுக்காது, பறித்த பிறகுதான் இளகும். அரிசிப் பானையில் போட்டு வை, ஒரு வாரத்தில் காம்புப்பக்கம் அழுத்தினால் இசைந்து கொடுக்கும். சர்க்கரை போட்டு அடித்துக் குடிப்பதை விட, காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் சேர்த்துப் பிசைந்து அவித்த மரச்சீனிக்குத் தொட்டுக்கொள். அம்மை கண்டுபிடித்தது. தங்கச்சியிடம் சொல், அந்தக் கொட்டைகளையும் எறிய வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் மண்ணில் போட்டால்தான் முளைக்கும், உலர விடக் கூடாது.

டம்ளர் கன்றை மார்கழிக்கு வரும்போதே ரயிலில் எடுத்து வா. அதற்குள் ஒரு பையில் மண்ணுக்கு மாற்றிவிடு. மடியில் வைத்துக்கொண்டு வருவது நல்லது, பெர்த்துக்கு அடியில் வைத்தால் நுனி ஒடிந்துவிடும்.

உன்,
தாஸ்