கூழுக்குச் சுத்தமான தம்ளர் வேண்டும்: கம்பம் உழவர் சந்தை வாசல் கடைக்காரர்களின் வேண்டுகோள்

வணக்கம். கம்பம் உழவர் சந்தை வாசலில் கூழ், பணியாரம், இட்லி, சுக்கு காபி, பருத்திப்பால், சுண்டல் என்று விற்கிற 14 கடைக்காரர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எழுதுவது நான், கேப்பைக் கூழ்க் கடை. பணம் கேட்கத்தான் எழுதுகிறோம், அதை மறைக்கவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி நிறைய பாக்கி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் பிடித்த மழை ஒன்பது மணி வரை விடவில்லை. தார்ப்பாயில் தண்ணீர் கோத்து ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் பணியாரக்கடை மதினியின் தள்ளுவண்டி குடைசாய்ந்து, மாவுச்சட்டி தெருவில் கவிழ்ந்துவிட்டது. முந்தின ராத்திரி பத்து மணி வரை ஆட்டின மாவு. அவர் அழக்கூட இல்லை, ஓடுகிற தண்ணீரில் மாவு வெள்ளையாகக் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கீரை கொண்டுவந்திருந்த ஒரு அண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து வண்டியை நிமிர்த்தினார். வாடிக்கையாக வரும் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போய் ஒரு தூக்குவாளி நிறைய இட்லிமாவு கொண்டுவந்து, "லேசா புளிச்சிருக்கு, பணியாரத்துக்கு நல்லாத்தான் இருக்கும், ஊத்துங்க" என்று கொடுத்தார். முதல் பத்துப் பணியாரத்தை அவரே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் மாவுக்கு அவரே காசு. மதினி அப்போதுதான் அழுதார்.

இந்த மாதிரி எவ்வளவோ இருக்கிறது. 2020 ஊரடங்கில் எங்கள் வண்டிகள் எல்லாம் வீட்டு வாசலில் கிடந்தபோது, நாங்கள் வீட்டிலேயே மாவு ஆட்டி விற்றோம், நீங்கள் பாக்கெட் மாவை விட்டுவிட்டு நாலு தெரு தள்ளி நடந்து வந்து எங்களிடம் வாங்கினீர்கள். அந்த இரண்டு மூன்று மாதமும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது உங்களால்தான்.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்த காலத்திலிருந்தே ஏற்பாடு இதுதான்: அடையாள அட்டை உள்ள விவசாயிகள்தான் உள்ளே உட்கார்ந்து விற்கலாம், இடையில் தரகர் கிடையாது, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போடுவார்கள். அது சரியான ஏற்பாடு, அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நாங்கள் விவசாயிகள் இல்லை என்பதால் வாசலுக்கு வெளியே நிற்கிறோம். ஆனால் எங்கள் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, மாங்காய், தேங்காய் எல்லாம் உள்ளே இருந்துதான் வருகிறது. இருட்டோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற விவசாயிக்கு முதல் ஆகாரம் எங்களிடம்தான். அவர்களுக்கு அடுத்தபடி, ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற அக்காமார்களின் ஜீப்புகள். மேட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் அந்த அக்காமார்கள் இறங்கி, நின்ற வாக்கிலேயே ஒரு செம்பு கூழைக் குடித்துவிட்டு, மதியத்துக்கும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்கள். விடிந்த பிறகு ஊர்க்காரர்கள், அப்புறம் மலைமேல் கேரள எல்லையில் இருக்கிற குமுளியிலிருந்து காய் வாங்க இறங்கி வருகிறவர்கள்.

குமுளிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் கடை போட்ட புதிதில் ஒரு சேட்டன் வந்து நின்று பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேப்பை என்றேன். அவருக்குக் கப்பை என்று காதில் விழுந்திருக்கிறது, மரவள்ளிக்கிழங்கு தருவேன் என்று காத்திருந்தார். கூழைக் கையில் கொடுத்ததும் மோந்து பார்த்துவிட்டு, "ஓ, பஞ்ஞப்புல்லு!" என்று சிரித்தார். கேப்பைக்கு மலையாளத்தில் அதுதான் பேர். அவர் அம்மா சின்ன வயசில் காய்ச்சிக் கொடுப்பாராம். அன்றையிலிருந்து மாதம் இரண்டு தடவையாவது குடும்பத்தோடு வருகிறார், எனக்கு மோர் மிளகாய் வறுத்து வைக்கும் பழக்கமே அவர் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வந்ததுதான்.

சரி, இப்போது கேட்க வந்ததற்கு வருகிறேன்.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, கப் எல்லாம் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அதில் சேர்த்திதான். நல்ல காரியம், சந்தைச் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறின காலம் எங்களுக்கு மறக்கவில்லை. இட்லிக்கும் பணியாரத்துக்கும் வாழையிலை இருக்கிறது, இந்தப் பள்ளத்தாக்கில் வாழைக்கு என்ன பஞ்சம். ஆனால் கூழையும் சுக்கு காபியையும் இலையில் ஊற்ற முடியுமா? எவர்சில்வர் தம்ளர்தான் வழி. தம்ளர் வாங்கிவிடலாம், கழுவுவது எங்கே? எங்கள் யாருக்கும் வாசலில் குழாய் கிடையாது. ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீர் சுமந்து வருகிறோம், ஏழு மணிக்கெல்லாம் இரண்டாவது வாளியும் கலங்கிவிடுகிறது. அதில் முக்கி எடுத்த தம்ளரை உங்களிடம் நீட்டும்போது கை கூசுகிறது. நீங்கள் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை, கொஞ்சம் கூழை ஊற்றித் தம்ளரை அலசிக் கீழே விட்டுவிட்டுக் குடிக்கிறீர்கள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார்கள் வண்டி வண்டியாக இந்த வழியே போவார்கள், பாத்திரச் சுத்தம் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கழுவுமிடமும் மாவு ஆட்டுமிடமும் கட்டப்போகிறோம். சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு சென்ட் இடத்தை ஒரு குடும்பம் பத்து வருசத்துக்கு வாடகை இல்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறது. தங்கள் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தகரக் கூரை ஷெட்டுக்கும் சிமெண்ட் தொட்டிகளுக்கும் 95,000 ரூபாய். கழிவுத் தண்ணீர் தெருவுக்கு வராமல் இருக்க உறிஞ்சுகுழி 22,000. தண்ணீர்த் தொட்டி, மோட்டார், குழாய் வேலை 38,000. தம்ளரும் தட்டும் 45,000. பெரிய கிரைண்டர் ஒன்று 35,000. ஆக மொத்தம் 2,35,000. நாங்கள் 14 பேரும் வாரம் 100 ரூபாய் வீதம் 40 வாரம் போட்டு 56,000 சேர்த்துவிட்டோம், ஒரு வாரம்கூட யாரும் தவறவில்லை. மிச்சம் 1,79,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

கரண்டு பில்லும் பாத்திரம் கழுவ வைக்கிற இரண்டு பேர் சம்பளமும் எங்கள் பொறுப்பு. நன்கொடையிலிருந்து அதற்கு ஒரு ரூபாய் எடுக்க மாட்டோம். வரவு செலவு எழுதின நோட்டு சுக்கு காபிக்கடையில் எப்போதும் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்த பென்னிகுக்குக்கு இன்றைக்கும் ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிற பள்ளத்தாக்கு இது, கொடுத்தவரை மறக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

பணத்தை எங்கள் 14 கடையில் எதில் வேண்டுமானாலும் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இங்குள்ள சொந்தக்காரர்கள் மூலமாகக் கொடுத்தனுப்பலாம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு, உண்மையில் முதல் ரசீதே பத்துப் பத்தாகச் சேர்ந்த பணத்துக்குத்தான்: ஒரு ஜீப்பில் வந்த தோட்டத்து அக்காமார்கள் பதினோரு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு 110 ரூபாய் என் கையில் வைத்தார்கள். தை பிறப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. பணம் தோதுப்படாதவர்கள் பரணில் சும்மா கிடக்கிற எவர்சில்வர் தம்ளரைக் கொடுத்தாலும் போதும், கல்யாணத்துக்கு வந்தது, பால் காய்ச்சினதற்கு வந்தது என்று எல்லார் வீட்டிலும் இருக்குமே. பேர் வெட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும், அழிக்க மாட்டோம். அந்தக் குமுளி சேட்டன் போன வாரம் ஆறு தம்ளர் கொண்டுவந்து வைத்தார், அவர் அம்மாவின் பேர் மலையாள எழுத்தில் வெட்டியிருக்கிறது. அதில் ஒன்றில்தான் இப்போது அவருக்குக் கூழ் ஊற்றுகிறேன்.