அந்த ஜேட் செடி செத்தது பூச்சியால் இல்லை

அன்புள்ள நித்யாவுக்கு,

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தாய். நானோ ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அதனால்தான் கடிதம் போடுகிறேன் என்றேன்.

உங்கள் தோட்டக் கழகத்தில் மலர் அலங்காரம், தோட்டக்கலை என்று இரண்டு படிப்பு, இரண்டுக்கும் ஒரே நாளில் வகுப்பு, எதில் சேரலாம் என்று கேட்டாய். உனக்கு ஆசை அலங்காரத்தில்தான் என்பது நீ கேட்ட விதத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் சொல்கிறேன், தோட்டக்கலையில் சேர். அலங்காரத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன ஜேட் செடி, அந்தத் தடித்த இலைச் செடி, பூச்சி விழுந்து செத்துப்போனது என்று சொன்னேன் இல்லையா, அது பொய். நான்தான் கொன்றேன். தினமும் காலையில் எழுந்ததும் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். நீ இல்லாத வீட்டில் உன் பொருட்டு செய்ய எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். இலை தொங்க ஆரம்பித்தது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். சில வாரங்களில் தண்டின் அடி கூழாகிவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்பது, அப்புறம் நான் சேர்ந்த தோட்டக்கலை வகுப்பின் இரண்டாவது வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஆசிரியை ஒரு தொட்டியைக் கவிழ்த்து, கறுத்து நைந்து போன வேரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலான சின்னச் சின்ன சந்துகளில் காற்று இருக்க வேண்டும். அங்கே எந்நேரமும் தண்ணீரே நின்றால் ஆக்ஸிஜன் கிடைக்காமல் வேர் அழுகும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்திலேயே நின்றுகொண்டு செடி வாடும், பார்க்கிறவர்களுக்கு அது தாகம் மாதிரியே தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் செடி வளர்த்தவள், எனக்கு என்ன சொல்லித் தரப் போகிறார்கள் என்ற மிதப்பில் போனவள்தான் நான். வாசல் ஓரமாக இருந்த சாமந்தி உனக்கு நினைவிருக்கும். ஆள் உயரத்துக்குப் போகும், பூக்காது. பூக்கவில்லையே என்று உரம் வைப்பேன், தழைச்சத்து ஏறி இன்னும் கொழுகொழுவென்று இலை விடும். பூக்கும் நேரத்தைச் சில செடிகள் பகல், இரவின் நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்கின்றன என்பதை 1920-இல் கார்னர், அலார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள். கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை வைத்துத்தான் அவர்களும் கண்டுபிடித்தார்கள். சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். நடுவில் வெளிச்சம் பட்டால்கூட அதற்குக் கணக்குத் தப்பிவிடும். என் சாமந்தியோ விடிய விடிய எரிகிற வாசல் விளக்குக்கு நேர் கீழே! இத்தனை வருஷம் அது இரவையே பார்த்ததில்லை. தொட்டியைப் பின்பக்கம் நகர்த்தினேன், பூத்தது. உன் அப்பா, "விளக்கை அணைத்திருந்தால் மின்கட்டணமாவது மிச்சமாகியிருக்கும்" என்றார்.

கவாத்தும் அப்படித்தான். கிளையை மரத்தோடு மரமாக ஒட்ட வெட்டி, வெட்டுவாயில் பெயின்ட் அடிப்பதுதான் சரி என்று நினைத்திருந்தேன். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு இருக்கும், அதை விட்டுவிட்டு வெட்டினால்தான் மரம் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும், பெயின்டால் பிரயோஜனம் இல்லை. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க மர ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்துச் சொன்னது இது. அந்தத் தடிப்பைத் தொட்டுப் பார்க்கப் பழகிய பிறகு எந்த மரத்தையும் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. நீ சிரிப்பாய், சிரி.

மண்ணின் அமிலத்தன்மை, மட்கு, பதியன் போடுவது, கணுவுக்குக் கீழே குச்சி வெட்டுவது எல்லாம் வகுப்பிலேயே வரும், நான் சொல்லத் தேவையில்லை. தாவரவியல் பெயர்களை மட்டும் வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கிவிடாதே. ஜெரேனியம் என்று எல்லாரும் தொட்டியில் வைக்கிறார்களே, அது பெரும்பாலும் பெலர்கோனியம். இரண்டுக்கும் குளிர் தாங்கும் சக்தி வேறு. பெயர் தெரியாமல் வளர்த்தால் குளிர்காலத்தில் எதை உள்ளே எடுத்து வைப்பது என்றுகூடத் தெரியாது.

சரி, அலங்காரத்துக்கு வருகிறேன். அதை நான் மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. ஆனால் செடியைத் தெரியாமல் அங்கே வந்தவர்கள் பூவை வெறும் வண்ணமாகத்தான் பார்த்தார்கள். இங்கே ஒரு சிவப்பு, அங்கே ஒரு மஞ்சள். முதல் நாள் ஜாடியையே தொடவிடாமல் எப்போது வெட்டுவது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள், பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்கோ குஷி. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ என்று நம் மொழி பூவின் வயதுக்கு வயது ஒரு பெயர் வைத்திருக்கிறதே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ரோஜாவை 'போது' ஆகிற, அதாவது இதழ் விரியத் தொடங்குகிற பக்குவத்தில் வெட்ட வேண்டும். டாலியாவை அப்படி வெட்டினால் அப்படியே நின்றுவிடும், அது நன்றாக மலர்ந்திருக்க வேண்டும். கிளாடியோலஸில் அடிப்பூ ஒன்றிரண்டு நிறம் காட்டினால் போதும், மிச்சம் ஜாடியில் ஏறி வரும்.

வெட்டின காம்புக்குள் காற்று புகுந்தாலோ ஜாடித் தண்ணீரில் பாக்டீரியா பெருகினாலோ, நீர் ஏறும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் காம்பைக் கூரான கத்தியால் மறுபடி வெட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இலை இல்லாமல் கிள்ளி, சில மணி நேரம் குளிர்ச்சியான இருட்டில் வாளியோடு வைக்கிறார்கள். பூ ஜாடியைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதே. பழுத்த பழம் விடுகிற எத்திலீன் வாயுவில் கார்னேஷன் தூங்கி விழுகிற மாதிரி சுருண்டுவிடும். இதையெல்லாம் அலங்கார வகுப்பில் சொன்னாலும், தோட்டக்கலை படித்தவளுக்குத்தான் ஏன் என்று புரிகிறது.

சமநிலை, அளவுப் பொருத்தம், விகிதம், லயம், முதன்மை, முரண் என்று ஆறு கோட்பாடு சொல்வார்கள். ஒரு பாட்டம் எழுதி வைத்துக்கொள், அப்புறம் கை தானாகப் பழகும். எனக்குக் கடைசி வரை வராதது வெற்றிடம். எங்கே இடைவெளி கண்டாலும் ஒரு பூவைச் சொருகிவிடுவேன். ஜப்பானிய இகெபானா வகுப்பில் ஒரு கிளை, இரண்டு பூ, மிச்சமெல்லாம் வெறும் காற்று. கியோட்டோவின் ரொக்ககுடோ கோயில் துறவிகளிடமிருந்து வளர்ந்த கலை அது, ஐந்நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம். என் ஜாடியிலிருந்து ஆசிரியை ஒவ்வொன்றாக ஏழு பூக்களை உருவி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எனக்கு வயிறு எரிந்தது. எடுத்து முடித்ததும் நன்றாகத்தான் இருந்தது.

பூ சொருக அந்தப் பச்சைக் கடற்பஞ்சு மாதிரி ஒன்று தருவார்கள். 1954-இல் வெர்னன் ஸ்மித்தர்ஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. வசதியானதுதான். ஆனால் அது பிளாஸ்டிக், பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரில் போகும், மட்காது. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதைத் தடை செய்துவிட்டது. நீ ஆரம்பத்திலேயே கென்ஸான் என்கிற, காம்பைக் குத்தி நிறுத்தும் முள்கட்டை ஒன்று வாங்கிக்கொள். ஆயுசுக்கும் வரும். அதோடு நல்ல கத்தரி, ஒரு வாளி, போதும். பட்டியல் நீளமாகக் கொடுப்பார்கள், வாங்காதே.

கண்காட்சியில் கலந்துகொள்ளச் சொல்வார்கள். கலந்துகொள், ஆனால் ஷெட்யூலை, அதாவது போட்டி விதிகள் உள்ள தாளை, இரண்டு தடவை படி. என் முதல் கண்காட்சியில் நான் வைத்த அலங்காரத்தைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. எனக்குப் பரிசு நிச்சயம் என்று உன் அப்பாவைப் புகைப்படத்துக்குத் தயாராக நிற்க வைத்தேன். எங்கள் பிரிவில் காயாத, புதிய தாவரப் பொருள் மட்டும்தான் வைக்கலாம். நான் காய்ந்த தாமரை விதைக்கூடு இரண்டைச் செருகியிருந்தேன். வரி அங்கேதான் இருந்தது, மூன்றாவது வரி, நான்தான் கண்ணாடியைப் போடாமல் படித்திருக்கிறேன். நடுவர் அட்டையில் அந்த வரியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கண்காட்சியை நடத்திய கழகத்திலேயே நடுவர் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டேன், கோபத்தில்தான். தரவில்லை, முதலில் படித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்.

அமெரிக்காவில் தோட்டக் கழகங்களின் தேசியக் கூட்டமைப்பு ஒன்று 1929-இலிருந்து இருக்கிறது. பூக்கண்காட்சி, தோட்டக்கலை, நில வடிவமைப்பு, சுற்றுச்சூழல் என்று நான்கு பள்ளிகள் நடத்துகிறார்கள். பள்ளி என்று பெயர்தானே தவிரக் கட்டடம் கிடையாது. சில நாள் வகுப்பு, அப்புறம் இடைவெளி, மறுபடி வகுப்பு என்று நான்கு கட்டமாகப் போகும். எனக்கு அந்த இடைவெளி பிடித்திருக்கிறது. கேட்டதை வீட்டில் செய்து பார்த்து, இரண்டு செடியைக் கொன்று, கேள்வியோடு திரும்பி வரலாம். உங்கள் கழகத்தில் எப்படி என்று விசாரி. மண்ணைத் தொடவிடாமல் திரையில் படம் மட்டும் காட்டினால் அந்தப் படிப்பில் சேராதே.

இன்னொன்று. நீ போகும்போது அந்த ஜேட் செடியில் ஒரு துண்டைக் கிள்ளிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனாயே, அது உன் ஜன்னலில் இருப்பதாகப் போன மாதம் சொன்னாய். எனக்கு ஓர் இலை அனுப்பலாமா என்று கேட்டாய், தபாலில் அனுப்பாதே. நாடு விட்டு நாடு செடி போவதற்கு, நோய், பூச்சி இல்லை என்கிற தாவரநலச் சான்று வேண்டும். புகைப்படம் அனுப்பு. தொட்டியின் அடியில் ஓட்டை தெரிகிற மாதிரி எடு. அடி இலைகள் லேசாகச் சுருங்கியிருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று. இல்லையென்றால் விட்டுவிடு, அது நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா