இரவுப் பேருந்தும் தேங்காய்ச் சட்னியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெடுஞ்சாலை உணவகங்களில் இட்லியைவிட அதன் பக்கத்தில் ஊற்றும் தேங்காய்ச் சட்னிதான் வயிற்றை அதிகம் பதம்பார்க்கிறது. மாலையில் அரைத்து வெளியே வைத்த சட்னி, கோடையில் நள்ளிரவுக்குள் கெட்டுவிடும். ஓரத்தில் நுரை, நாக்கில் சுருக்கென்ற புளிப்பு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்; கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் போதும். மதியம் வடித்து வெளியே கிடந்த சோற்றில் கிளறும் ஃப்ரைடு ரைஸும் வேண்டாம். அதில் ஊறிய நச்சு, மறுபடி வறுத்தாலும் அழியாது.

பயணப் பையில் ஓஆர்எஸ் (பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல் பொடி) பாக்கெட் அவசியம். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பலர் அரை லிட்டர் பாட்டிலில் அப்படியே கொட்டிவிடுகிறார்கள். உப்பு இரட்டிப்பாகும், கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைதான்.

பேருந்துகள் நிற்கும் உணவகங்களில், சட்னி அரைத்த நேரத்தைப் பாத்திரத்திலேயே எழுதி வைக்க உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவிட வேண்டும்.

- வாசகர், விழுப்புரம்