கடைசி பாரா

மாப்ள,

இந்த வருஷமும் உங்க அப்பாவின் நினைவஞ்சலி விளம்பரம் என் மேஜை வழியாகத்தான் போனது. இரண்டு காலம் அகலம், அதே பழைய போட்டோ, கீழே நீ எழுதிய நாலு வரி. பிழை திருத்த ஒன்றும் இல்லை. உன் காப்பியில் என்றைக்கு இருந்திருக்கிறது? அடுத்த வருஷம் அதை வேறு யாராவது பார்ப்பார்கள். நான் பத்திரிகை டெஸ்க்கை விட்டுப் போகிறேன். ஜூன் முதல் நம்ம டிபார்ட்மென்டிலேயே கௌரவ விரிவுரையாளர். சம்பளம் எவ்வளவு என்று கேட்காதே. நாம் படித்த அதே தாள்தான்: செய்தி, வானொலி, விளம்பரம், மூன்றுக்கும் எழுதப் பழகுவது, எல்லாம் ஒரே செமஸ்டரில்.

இதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பாய். பொதுவில் எழுதினால் நம்ம செட்டு ஆட்கள் படித்துவிட்டு உன்னைக் கேட்பார்கள், நீயும் படித்துத்தான் ஆக வேண்டும். கொஞ்சம் மட்டமான வழிதான், தெரியும். அதனால் உங்க ஊர், பத்திரிகை, கடை எதன் பெயரும் இதில் வராது. வழக்கு விஷயமும் வராது. அம்மா படிக்கலாம்.

பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். முதல் யூனிட் இன்னும் தலைகீழ் பிரமிடுதான், முக்கியமானதை மேலே வைத்து மற்றதைக் கீழே இறக்குகிற செய்தி வடிவம். ஆதித்தனார் 1942-இல் இதே மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய கதையிலிருந்துதான் சார் ஆரம்பிப்பார். டீக்கடையில் ஒருத்தர் உரக்க வாசிப்பார், எழுத்துக் கூட்டத் தெரியாத நாலு பேர் கேட்பார்கள், அந்த நாலு பேருக்கும் புரியாவிட்டால் அது செய்தியே இல்லை என்பார். நான் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். நீ டீக்கடையிலேயே உட்கார்ந்து கேட்டாய்.

பெரியாஸ்பத்திரிக்கு எதிரே, காலையில். உடலைக் கொடுக்க இன்னும் நேரமாகும் என்றார்கள். முந்தின நாளிலிருந்து நீ எதுவும் சாப்பிடவில்லை என்று உங்க மாமாவும் நானும் உன்னை இழுத்துக்கொண்டு போனோம். பெஞ்சில் பேப்பரோடு ஒரு பெரியவர். யாரும் கேட்காமலே வாசித்தார். “லாரி மோதி பால் வியாபாரி பலி.” அப்புறம் முதல் வாக்கியம்: நேற்று அதிகாலை, திண்டுக்கல் சாலையைக் கடக்க முயன்றபோது, சம்பவ இடத்திலேயே. அப்பாவின் பெயர், வயது. போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர். அதோடு முடிந்தது. அடுத்த மூச்சில் அவர் தங்கம் விலைக்குப் போய்விட்டார். பக்கத்திலிருந்தவர் “அய்யோ பாவம்” என்றார், அது பவுன் விலைக்கா அப்பாவுக்கா என்று இன்னும் எனக்குத் தெரியாது. உங்க மாமா டீக்குக் காசு கொடுக்கப் போனார். நீ என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்: “கடைசி பாரா எங்கடா?”

அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன் என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. ஊரிலேயே அந்தப் பத்திரிகையில் பயிற்சிக்கு இருந்தது நான் ஒருத்தன்தான். முதல் நாள் சாயங்காலம் நீயே போனில் சொல்லியிருந்தாய், ரோடு நாலு வழியானபின் ஊர் ஒரு பக்கம், பால் சொசைட்டி மறுபக்கம் என்று ஆகிவிட்டது, நடுவில் கடக்க விட்டிருந்த இடத்தையும் அடைத்துவிட்டார்கள், சுரங்கப்பாதை கேட்டு ஊரே திங்கட்கிழமை மனுநாளில் போய் நின்றது என்று. “இதை மட்டும் விட்றாத மாப்ள” என்றாய். விடவில்லை. எழுதினேன். கடைசி பாராவாக எழுதினேன், ஏனென்றால் நம் இருவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: யார், என்ன, எப்போது, எங்கே எல்லாம் மேலே, ஏன் என்பது விளக்கம், அது கீழே போகலாம்.

ராத்திரி அட்சய திருதியை விளம்பரம் வந்தது. கால் பக்கம் என்று சொல்லியிருந்தது அரைப் பக்கமாகிவிட்டது. பக்கம் கட்டுகிறவர் ஒவ்வொரு செய்தியிலும் அடியிலிருந்து நாலைந்து வரி எடுத்தார். அடியிலிருந்து எவ்வளவு வெட்டினாலும் மிச்சம் நிற்க வேண்டும், அந்த வடிவத்தின் வசதியே அதுதான். அவர் உங்க அப்பாவின் செய்தியை வெட்டவில்லை, இடம் பண்ணினார். நான் அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன், உன்னிடம் வருவதற்காகத்தான் கிளம்பினேன்.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எதற்கு என்பதில்தான் நிற்கிறது. ஒரு தகவல்கூடத் தப்பில்லை. ‘போலீசார் தெரிவித்தனர்’ என்று போட வேண்டிய இடத்தில் போட்டிருந்தேன். மனுவை மறைக்கவில்லை. ஆனாலும் நீ கேட்டபோது “வெட்டிட்டாங்கடா” என்று நான் சொன்ன விதம் சரியில்லை, யாரோ எவரோ பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. அதற்கு வேண்டுமானால் கேட்கிறேன். சரி, கேட்டுவிட்டேன்.

பால் கேனைக் கழுவிக்கொண்டே அப்பா ஆகாசவாணி மாதிரியே “செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி” என்று குரலை ஏற்றிச் சொல்வாரே, அது இப்போதும் காதில் இருக்கிறது. 2022-இல் அந்த அம்மா இறந்த செய்தி டெஸ்க்குக்கு வந்தபோது எனக்கு முதலில் அப்பா ஞாபகம்தான் வந்தது. உனக்குப் போன் பண்ண எடுத்து, வைத்துவிட்டேன். ரேடியோ எழுத்து உனக்கு அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரு மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தை நீ எழுதியதே இல்லை. சொன்னது யார் என்பதை முதலில் வைப்பாய், பெரிய எண்ணைச் சுருக்கிச் சொல்வாய். காரணத்தை இரண்டாம் வாக்கியத்திலேயே வைத்துவிடுவாய். சார் ஆட்சேபித்தபோது, “கேக்குறவன் எந்திரிச்சுப் போயிருவான் சார், அதுக்குள்ள சொல்லிரணும்” என்றாய். முப்பது விநாடிச் செய்தியை யாரும் அடியிலிருந்து வெட்ட முடியாது, வெட்டினால் எல்லோருக்கும் கேட்டுவிடும். நீ அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

இருக்கவில்லை. அந்த வருஷமே விளம்பரத்துக்குப் போய்விட்டாய். விளம்பரத்துக்கு எல்மோ லூயிஸ் சொன்னதாகச் சொல்கிற நாலு படியை, கவனம், ஆர்வம், ஆசை, செயல் என்று சார் போர்டில் எழுதியபோது, “நம்ம ஊர்ல அஞ்சாவது ஒண்ணு இருக்கு சார், இவண்” என்று கிளாஸையே சிரிக்க வைத்தவன் நீ. காதுகுத்து ஃபிளெக்ஸில் அறுபது தலையை வரிசையாகப் போடுகிற ஊரில் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நகைக்கடை விளம்பரக் கணக்கு உன் கையில். ராத்திரி எட்டு மணிக்கு உன் ஆபீஸிலிருந்து விளம்பரத்தைப் போடச் சொல்லி ரிலீஸ் ஆர்டர் வந்தால் எத்தனை பேருடைய கடைசி பாரா போகும் என்று உனக்குத் தெரியாதா? மற்ற எவனுக்கும் தெரியாமல் இருக்கலாம். என்னிடம் இத்தனை வருஷம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, அந்த அரைப் பக்கத்தை நீயே விற்கிறாய். உங்க ஊர் விலக்கில் இப்போது போலீஸ் தடுப்பு வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பாய். அதிலும் ஒரு நகைக்கடை விளம்பரம். வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. உன்னுடையதா என்று கேட்கவில்லை.

நினைவஞ்சலியில் அப்பா எப்படிப் போனார் என்று நீ ஒரு வருஷமும் எழுதியதில்லை. அவர் எப்படி இருந்தார் என்பதை மட்டும் எழுதுகிறாய். ஆரம்பத்தில் அது எனக்கு எழுதிய பதில் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நல்ல வரிகள், அவ்வளவுதான்.

நான் கையால் எழுதிய முழுப் பிரதி என்னிடம் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு, அதையும் அச்சான துண்டையும் சேர்த்து முதல் வகுப்பில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்தப் பாரா கடைசியில் போக வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லட்டும், அப்புறம் அதையே ரேடியோவுக்கு எழுதட்டும். நீ வேண்டாம் என்றால் வேறு விபத்தை எடுத்துக்கொள்கிறேன், அதற்கா பஞ்சம்.

இன்னொன்று. விளம்பர யூனிட்டுக்கு வெளியிலிருந்து ஆள் வேண்டும் என்று ஹெச்.ஓ.டி. கேட்டார். உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கொடுக்கிற காசு உன் பெட்ரோலுக்குக் காணாது. வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை கேட்டு வாங்கிக்கொள், அன்றைக்கு எனக்குக் கிளாஸ் கிடையாது.